எச்சில் இலையில் வளர்ந்த வயிறு

நாய் வளர்க்கும் வீடுகளில் விருந்தாளி முன்னால் பேசக் கூசுகிற சங்கதி ஒன்று உண்டு. கிலோ எழுநூறு, எண்ணூறு ரூபாய் விலையுள்ள தீனியைக் கிண்ணம் நிறையப் போட்டு வளர்க்கிறார்கள். அதுவோ மாலை நடைக்குப் போன இடத்தில், சங்கிலியைப் பிடித்திருப்பவர் செல்போனைப் பார்த்த அரை நிமிடத்தில், வேலியோரம் கிடந்த இன்னொரு நாயின் மலத்தைக் கவ்விவிடுகிறது. மறுநாள் மாட்டைப் போலப் புல்லை மேய்ந்துவிட்டு வந்து கூடத்து நடுவில் மஞ்சள் நுரையாகக் கக்குகிறது. கால்நடை மருத்துவரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் கேள்விகள் இவை; “நாங்க நல்லாத்தான் சோறு போடறோம் டாக்டர்” என்ற தன்னிலை விளக்கமும் கூடவே வரும். இன்னொரு பக்கம், கல்யாண மண்டபத்தின் பின்வாசல். மூன்றாம் பந்தி முடிந்து இலைகள் மடித்த மடிப்போடு வந்து விழுகின்றன. காத்திருக்கும் நாய்கள் எடுத்த எடுப்பில் பாய்வதில்லை. மூக்கை நுழைத்து மடிப்பைப் பிரிக்கின்றன, வாழைக்காய்ப் பொரியலைத் தள்ளுகின்றன, நெய் பட்ட சோற்றை வழித்து நக்குகின்றன, முன்னங்காலால் இலையை அமுக்கிக்கொண்டு பாயசம் சிந்திய ஓரத்தைச் சுத்தம் செய்கின்றன. முதலாவதைச் செல்லப்பிராணிப் பிரச்சினை என்றும் இரண்டாவதை மாநகராட்சிப் பிரச்சினை என்றும் பிரித்துப் பேசியே பழகிவிட்டோம். இரண்டிலும் இருப்பது ஒரே வயிறு. அது எங்கே, எதைத் தின்று உருவானது என்று தெரிந்தால் வீட்டு நாயின் கோணங்கித்தனம் அவ்வளவு கோணலாகத் தெரியாது. தெருநாய்க்குச் சோறு போடலாமா என்ற சண்டையில் இரண்டு கட்சியும் தவறவிடும் ஒன்றும் கண்ணில் படும். சோறு வைப்பவர் அதை இரக்கம் என்கிறார், எதிர்ப்பவர் தொல்லை என்கிறார். ஒரு தெருவில் எத்தனை நாய் பிழைக்கும், அவை எங்கே படுக்கும், யார் கைக்கு அகப்படும் என்று தீர்மானிக்கிற விசையும் அந்தச் சோறுதான்.

நாய் ஓநாயிலிருந்து வந்தது என்பதில் தகராறு இல்லை. எப்படி வந்தது என்பதில்தான் கட்சிகள். ஆதிமனிதன் ஓநாய்க்குட்டியைத் தூக்கிவந்து வளர்த்தான் என்பது பழைய கதை. ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் என்ற அமெரிக்க உயிரியலாளர் தம்பதி 2001-ல் வெளியிட்ட நூலில் அதைத் தலைகீழாக்கினார்கள். மனிதர் ஓரிடத்தில் தங்கியதும் குடிசைக்குப் பின்னால் குப்பைமேடு உருவானது; ஆள் அரவம் கேட்டு ஓடிப்போன ஓநாய் பட்டினி கிடந்தது, ஓடாமல் நின்ற ஓநாய் தின்றது; நின்று தின்றவை அதிகம் குட்டி போட்டு, தலைமுறைகள் கழிந்து நாய் ஆயின. இதற்குக் கனமான மறுப்பும் உண்டு. ஜெர்மனியில் பான்-ஓபர்காசல் என்ற இடத்தில் மனிதரோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட நாயின் எலும்புகளுக்குச் சுமார் 14,000 வயது. அன்று அங்கே உழவும் இல்லை, ஊரும் இல்லை. ஆகவே முதல் நாய் குப்பைமேட்டில் பிறந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. வேட்டைக்காரர் முகாமின் மிச்ச எலும்பில் தொடங்கியிருக்கலாம். ஆனால் பிறகு வந்த மாற்றம் மரபணுவிலேயே பதிந்து கிடக்கிறது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் ‘நேச்சர்’ இதழில், 12 ஓநாய்களையும் 14 இனங்களைச் சேர்ந்த 60 நாய்களையும் ஒப்பிட்டு எழுதினார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான ஏ.எம்.ஒய்.2பி மரபணு ஓநாயிடம் இரண்டு படிகள் இருந்தது. நாய்களிடம் 4 முதல் 30 வரை. நாயின் கணையத்தில் அந்த மரபணு 28 மடங்கு கூடுதலாக வேலை செய்தது. உழவு எட்டாத நிலங்களின் நாய்களிடம் இந்தப் பெருக்கம் இல்லை. ஆஸ்திரேலியாவின் டிங்கோ இன்றும் ஓநாயைப் போல இரண்டோடு நிற்கிறது. சோறும் கஞ்சியும் ரொட்டியும் இருந்த ஊரில்தான் நாயின் வயிறு மாறியது. ‘ஓநாய் பச்சைக்கறி தின்னும், ஆகவே நாய்க்கும் பச்சைக்கறியே இயற்கை’ என்று இப்போது நகரங்களில் பரவும் உணவுமுறைக்கு இந்த ஒரு மரபணுவே பதில். மாவுச்சத்தைச் செரிக்கத் தெரிந்தபின், சோறு போட்டு வளர்த்த பாட்டிகள் ஒன்றும் தப்பு செய்துவிடவில்லை.

செரிக்கத் தெரிந்தது என்பதால் ஆசை மாறிவிட்டது என்று அர்த்தமில்லை. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு பல ஆண்டுகளாகத் தெருநாய்களை அவை வாழும் தெருவிலேயே வைத்து ஆராய்ந்து வருகிறது. நாய்கள் முன்னால் பலவகை உணவை வைத்துப் பார்த்ததில், எதில் உண்மையில் சத்து அதிகம் என்பதை அவை பொருட்படுத்தவில்லை. எதில் கறிவாடை அதிகம் அடிக்கிறதோ அதை முதலில் எடுத்தன. பெரும்பாலும் மாவுச்சத்தைத் தின்றே காலம் தள்ளும் பிராணிக்கு இது நல்ல கணக்குத்தான். குப்பையில் நின்று ஆராய நேரமில்லை, பக்கத்துத் தெரு நாய் வந்துவிடும். மூக்கு சொல்வதைக் கேள், முதலில் விழுங்கு, பிறகு யோசி. நாக்கின் பங்கு குறைவு. மனித நாக்கில் சுமார் 9,000 சுவைமொட்டுகள் என்றால் நாய்க்கு ஏறத்தாழ 1,700. பிளாஸ்டிக் பையோடு சேர்த்துக் கோழிக்கடைக் கழிவை விழுங்குவதும், பால்கனியில் காய்கிற, வியர்வை மணக்கும் காலுறையைக் கடித்து இழுப்பதும் இந்த மூக்கின் ஒரே விதியிலிருந்து வருபவை.

மலம் தின்னும் விவகாரத்துக்கு வருவோம். இதை அருவருப்பு இல்லாமல் ஆராய்ந்தவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஹார்ட். 2018-ல் வெளியான அவர் குழுவின் ஆய்வில், சுமார் 16 சதவீத நாய்கள் அடிக்கடி மலம் தின்பவை என்று வளர்ப்பவர்களே சொன்னார்கள். சத்துக் குறைவால் அப்படிச் செய்கிறது என்ற நம்பிக்கைக்கு அதில் ஆதரவு கிடைக்கவில்லை. வீட்டுக்கு வெளியே மலஜலம் கழிக்கப் பழகாத நாய்கள்தான் இதைச் செய்யும் என்பதும் தவறு என்று தெரிந்தது. பொதுவாகவே எதையும் அவசர அவசரமாக விழுங்கும் நாய்கள் இதையும் விழுங்கின. சுவாரசியமான தகவல் இனிமேல்தான்: அவை பெரும்பாலும் தேடிப்போனது இரண்டு நாளுக்குள் விழுந்த புது மலத்தை. மலத்தில் வெளிவரும் குடற்புழு முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர வழக்கமாக இரண்டு நாளுக்கு மேலாகும். குகைக்குப் பக்கத்திலேயே கழித்துவிடும் நோயாளி ஓநாயின் மலத்தைக் கூட்டத்தில் இன்னொன்று உடனே தின்று அப்புறப்படுத்தினால், குட்டிகள் இருக்கும் இடம் புழுவிலிருந்து தப்பும். தாய்நாய் குட்டிகளின் கழிவை நக்கியே கூட்டைச் சுத்தமாக வைத்திருப்பதும் இதே குடும்பத்துப் பழக்கம். இது கருதுகோள்தான்; நிரூபணம் என்று ஹார்ட்டும் சொல்லவில்லை. ஆனால் தடுப்பதற்கென்று கடையில் விற்கும் பொடிகளையும் மாத்திரைகளையும் பயன்படுத்தியவர்கள் சொன்ன வெற்றி விகிதம் பூஜ்யத்திலிருந்து இரண்டு சதவீதம். அந்தப் பணத்துக்கு ஒரு முறம் வாங்கி உடனுக்குடன் அள்ளிவிடுவது மேல்.

புல் கதையும் இப்படித்தான். வயிறு சரியில்லாததால் வாந்தி எடுக்கப் புல் தின்கிறது என்று ஊரெல்லாம் சொல்கிறோம். டேவிஸ் குழு 2008-ல் 1,571 நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டபோது, புல் தின்பதற்கு முன் நாய் சோர்ந்திருந்ததாகச் சொன்னவர்கள் 8 சதவீதம் பேர். தின்றபின் வழக்கமாக வாந்தி எடுப்பதாகச் சொன்னவர்கள் 22 சதவீதம் பேர். மீதிப் பேர் வீட்டு நாய்கள் நன்றாக இருக்கும்போதே மேய்ந்தன, கக்கவும் இல்லை. ஓநாயின் எச்சத்திலும் புல் இருக்கிறது; சிம்பன்சிகள் சொரசொரப்பான இலையை மெல்லாமல் விழுங்கிக் குடற்புழுவை வழித்து வெளியேற்றுவது நன்றாகப் பதிவாகியிருக்கிறது. நாயின் புல்லும் அப்படியொரு பழைய பேதி மருந்தாக இருக்கலாம் என்பது ஊகம். முயல் வளர்ப்பவர்களுக்கு இதைவிட வியப்பான ஒன்று தெரியும். முயல் இரண்டு வகைப் புழுக்கை போடும். உருண்டையான காய்ந்த வகையைக் கீழே விடும், முசுக்கட்டைப் பழம் போலக் கொத்தாக வரும் மெத்தென்ற வகையை ஆசனவாயிலிருந்தே வாயால் எடுத்து விழுங்கும். பெருங்குடல் முனையில் நுண்ணுயிர்கள் செய்து வைத்த புரதமும் பி வைட்டமின்களும் அதில்தான் இருக்கின்றன. அசிங்கம் என்று கழுத்தில் வளையம் மாட்டித் தடுத்தால் முயல் மெலிந்துபோகும். மாடு அசைபோடுவதை ரசிக்கிறோம், இதைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். வேலை ஒன்றுதான், சுற்றிவரும் பாதைதான் கொஞ்சம் நீளம்.

எல்லாமே இயல்பு என்று விட்டுவிடவும் கூடாது. முன்பு இல்லாத பழக்கம் திடீரென்று வந்தால் அது வேறு கதை. கொக்கிப்புழுவும் உண்ணியும் இரத்தம் உறிஞ்சிச் சோகை பிடித்த நாய் மண்ணைத் தின்னும், சுண்ணாம்புச் சுவரை நக்கும். ஈறைத் தூக்கிப் பார்த்தால் வெளுத்திருக்கும். கணையம் நொதி சுரக்காத நாய் வயிறு நிறையத் தின்றும் எலும்பும் தோலுமாகி மலத்தைத் தேடும். சில நாய்களின் பசி பிறவியிலேயே பிசகு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எலினார் ராஃபன் குழு 2016-ல் கண்டுபிடித்தது: லாப்ரடார்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றிடம் பி.ஓ.எம்.சி என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. ‘போதும்’ என்ற செய்தி அவற்றின் மூளைக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. 2024-ல் அதே குழு, இந்த நாய்கள் சும்மா இருக்கும்போது எரிக்கும் ஆற்றலும் சுமார் 25 சதவீதம் குறைவு என்று காட்டியது. ‘எங்க லாப் திங்கறதுக்குன்னே பிறந்தது’ என்று கேலியாகச் சொல்கிறவர்கள் சில வேளை உயிரியல் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

பூனையை இந்தக் கணக்கில் சேர்க்கவே முடியாது. அது மனிதரிடம் வந்தது சோற்றுக்காக இல்லை, தானியக் களஞ்சியத்து எலிக்காக. இனிப்பை உணரும் ஏற்பியின் ஒரு பாதியைக் கட்டும் மரபணு பூனைக் குடும்பத்தில் செத்துக் கிடக்கிறது என்று பிலடெல்பியாவின் மோனல் ஆய்வு மையம் 2005-ல் காட்டியது. கேசரித் தட்டைப் பூனை நக்கினால் அது நெய்க்காக. டாரின் என்ற பொருளைப் பூனையால் போதிய அளவு தயாரிக்க முடியாது, கறியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் பெற வேண்டும். அது குறைந்தால் விழித்திரை அழிந்து பார்வை போகும், இதயத்தசை தளரும். கடையில் விற்ற பூனைத் தீனியிலேயே டாரின் பற்றாக்குறையால் பூனைகள் இதயநோயில் செத்ததை 1987-ல் டேவிஸ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்த பிறகுதான் உலகெங்கும் தீனி நிறுவனங்கள் கலவையை மாற்றின. தயிர்சாதம் போட்டுப் பூனையைச் சைவமாக வளர்ப்பதாகப் பெருமைப்படுகிறவர்கள், அது மொட்டைமாடியில் ஓணானும் எலியும் பிடித்துச் சமாளிப்பதால்தான் கண்ணோடு இருக்கிறது என்பதை அறிவதில்லை.

நாயின் வயிறு எச்சிலுக்குப் பழகியது என்றால், எச்சிலில் கிடக்கும் எல்லாவற்றுக்கும் என்று பொருள் கொள்ளக் கூடாது. மனிதர் உணவில் சமீபத்தில் வந்து சேர்ந்தவை பல. சாக்லேட்டின் தியோபுரோமின் நாயின் உடலில் பாதி குறையவே சுமார் 17 மணி நேரம் பிடிக்கும்; சர்க்கரை இல்லாத சூயிங்கத்தின் சைலிட்டால் இன்சுலினைக் கொட்டவைத்து நாயை அரைமணியில் மயக்கத்தில் தள்ளும். நம் சமையலுக்கு நெருக்கமானவை இன்னும் இரண்டு. பாயசத்து உலர்திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தை முடக்கும், எந்த நாயை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வெங்காயம் வதக்கினாலும் வேகவைத்தாலும் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பிரியாணி மிச்சத்தில் வெங்காயம், உப்பு, வெந்த கோழியெலும்பு என்று மூன்றும் சேர்ந்தே வருகின்றன; வெந்த எலும்பு மடங்காது, சிம்பு சிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். தெருவில் குட்டி போட்டிருக்கிறது என்று இரக்கப்பட்டு வைக்கும் பசும்பாலும் அவ்வளவு உத்தமமில்லை. நாய்ப்பாலில் பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பும் புரதமும் இருக்கும், பால்சர்க்கரை குறைவு. பசும்பாலைக் குடித்த குட்டிக்குக் கழிச்சல் கண்டு, இருந்த நீரும் போகும். குட்டிக்குப் பால் வைப்பதைவிடத் தாய்க்கு முட்டையும் சோறும் வைத்தால் பால் தானே வரும். டீக்கடைப் பொறையும் பிஸ்கட்டும் பசியை அடக்கும், அவ்வளவுதான்.

இப்போது பெரிய கேள்வி. ஓரிடத்தில் எத்தனை நாய் இருக்கும் என்பதை அங்கே கிடக்கும் உணவு தீர்மானிக்கிறது. யாரும் திட்டமிடாமல் இந்தியாவிலேயே இதற்கு ஒரு மாபெரும் சோதனை நடந்தது. மாடுகளுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. 1990-களின் தொடக்கத்திலிருந்து பதினைந்தே ஆண்டுகளில் வெண்முதுகுப் பாறுக் கழுகுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. மருந்துதான் காரணம் என்பது 2004-ல் வெளிவந்தது, 2006-ல் கால்நடை உபயோகத்துக்குத் தடை வந்தது. அதற்குள் கழுகு விட்டுவைத்த பிணங்களை நாய்கள் எடுத்துக்கொண்டன. 1992-க்கும் 2003-க்கும் இடையில் நாட்டில் நாய்கள் சுமார் 55 லட்சம் கூடின என்றும், அதனால் வெறிநோயில் கூடுதலாக இறந்தவர்கள் ஏறத்தாழ 48,000 பேர் என்றும் 2008-ல் ஒரு பொருளியல் ஆய்வு கணக்கிட்டது. துல்லியம் பற்றிக் கேள்வி எழுப்பலாம். திசை பற்றி எழுப்ப முடியாது. யாரும் தட்டேந்தி வைக்கவில்லை. உணவு கிடந்தது, நாய் பெருகியது.

அப்படியானால் சோறு போடுவதை நிறுத்தினால் நாய் குறையுமே என்பது உடனே வரும் வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் நான் மேலே சொன்னதிலிருந்தே பிறக்கிற வாதம் அது. ஆனால் சென்னை நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை கொட்டுகிறது, அதில் பெரும்பகுதி மட்கும் கழிவு. தெருமுனையில் ஒரு அம்மா வைக்கும் இரண்டு கிலோ சோறு அந்த மலைக்கு முன் எம்மாத்திரம்? அம்மாவைத் தடுத்துவிட்டு இறைச்சிக்கடைக் கழிவையும் மண்டபத்து இலையையும் மூடாத தொட்டியையும் அப்படியே விட்டால், நாய் தொட்டிக்குப் போகும், எண்ணிக்கை அசையாது. கொன்றும் பார்த்தாயிற்று. சென்னை மாநகராட்சி நூறாண்டுக்கும் மேல் நாய்களைப் பிடித்துக் கொன்றது. ப்ளூ கிராஸ் அமைப்பின் சின்னி கிருஷ்ணா திரட்டிய கணக்குப்படி, 1860-ல் நாளுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருந்த அந்த எண்ணிக்கை 1996-ல் நாளுக்கு 135 ஆனது. கொல்வது பலித்திருந்தால் கொல்ல வேண்டிய எண்ணிக்கை கூடியிருக்காதே! உணவு அப்படியே இருந்தது, காலியான இடத்தைப் பிழைத்த குட்டிகள் நிரப்பின. மேற்கு வங்கத்தில் பத்ராவின் குழு 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்தது. ஏழு மாதம் வரை பிழைத்தவை 19 சதவீதம், இறப்பில் 63 சதவீதத்துக்கு மனிதர் ஏதோ ஒருவகையில் காரணம். ஐந்தில் நாலு செத்தும் தெரு நிரம்பியே இருக்கிறது என்றால், சாவைக் கூட்டி இந்த எண்ணிக்கையைப் பிடிக்க முடியாது. பிறப்பைத்தான் பிடிக்க வேண்டும்.

‘சோறு போட்டுப் போட்டுத்தான் அவை திமிராகிக் கடிக்கின்றன, குழந்தைகளின் உயிர் மலிவா?’ என்று கேட்பவர்களின் கோபத்தைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. 2024-ல் நாட்டில் பதிவான நாய்க்கடிகள் சுமார் 37 லட்சம். வெறிநோயில் ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் சாகிறார்கள் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அண்மைக் கணக்கெடுப்பு. அறிகுறி தொடங்கிவிட்டால் தப்பியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஐந்து வயதுக் குழந்தையின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருக்கிறது என்பதை மறந்து நாய்ப்பாசம் பேசுவது பொறுப்பில்லாத பேச்சு. ஆனால் கடி எப்போது கூடுகிறது என்று பார்த்தால் விடை வேறு பக்கம் இழுக்கிறது. ஜெய்ப்பூரில் 1994 முதல் எட்டாண்டுகளில் பெண்நாய்களில் சுமார் 65 சதவீதத்துக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போடப்பட்டன. நாய்களின் எண்ணிக்கை 28 சதவீதம் குறைந்தது. அதே ஊரில் பிற்பாடு கடிகளை மாதவாரியாகப் பார்த்தபோது, குட்டி ஈன்ற தாய்கள் காவல் காக்கும் பருவத்தில் கடி உச்சம் தொட்டது. கருத்தடை பரவப் பரவக் கடியும் சரிந்தது. கடிக்கிற நாய்களில் ஒரு பங்கு, குட்டியைக் காக்கிற தாய். சோறு வைப்பவர்களின் தவறும் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது: இடம். அடுக்குமாடியின் வாசலில், மாடிப்படி அடியில், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் தட்டை வைத்தால், அந்த வாசல் நாயின் சாப்பாட்டுக் கூடமாகிவிடும், வருகிறவர் போகிறவர் பங்குக்கு வந்தவராகத் தெரிவார். 2023-ன் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் வாசலிலிருந்தும் படிக்கட்டிலிருந்தும் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்தும் தள்ளி இடம் குறிக்கச் சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம், தெருவில் கண்ட இடத்தில் சோறு வைப்பதைத் தடுத்து, வார்டுதோறும் அதற்கென்று இடம் ஒதுக்கச் சொன்னது. வெறிநோயோ மூர்க்கமோ இல்லாத நாய்களைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து எடுத்த இடத்திலேயே விடவும் சொன்னது. உயிரியல் சொல்வதும் ஏறத்தாழ அதையேதான். உள்ளாட்சிகள் அந்த இடத்தைக் குறித்துக் கொடுப்பதில்தான் சுணக்கம்.

இங்கேதான் சோறு மருந்தாகிறது. வெறிநோயை நிறுத்த ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் போதும் என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்ற அளவு. கோவாவில் 2013-ல் தொடங்கிய இயக்கம் அந்த அளவை எட்டியது. 2019-க்குள் நாய்களில் வெறிநோய் 92 சதவீதம் சரிந்தது. வலைபோட்டு ஓடிஓடிப் பிடித்த கடும் உழைப்பு அது. வலையைப் பார்த்து ஒருமுறை தப்பிய நாய் மறுமுறை அந்த வண்டியின் சத்தத்துக்கே மறைந்துவிடும். அதே நாய் தினமும் ஏழு மணிக்கு ஒரு தட்டுக்கு வருகிறது என்றால், அதைப் பிடிக்க வலை வேண்டாம், தட்டு வைக்கிற கை போதும். பத்ராவின் குழு 2017-ல் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பார்த்தது: அறிமுகமில்லாத மனிதரை நம்பவைப்பதில், திரும்பத் திரும்பத் தடவிக்கொடுத்தது உணவு கொடுத்ததைவிட நன்றாகப் பலித்தது. உணவுக்குள்ளேயே மருந்தை வைக்கவும் முடியும். சுவிட்சர்லாந்து 1978-ல் கோழித்தலைகளுக்குள் வெறிநோய்த் தடுப்பு மருந்தை ஒளித்துக் காட்டில் வீசியது. நரிகள் தின்றன. 1999-ல் அந்த நாடு வெறிநோய் அற்றதாக அறிவிக்கப்பட்டது. எச்சில் பொறுக்கும் வயிற்றின் பலவீனத்தையே அதன் மருத்துவமாக்கிய வேலை அது. இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த கதையும் அதுதான்.

ஆக, சோறு போடுவது தவறில்லை. சோற்றோடு நிறுத்திக்கொள்வதுதான் தவறு. நன்றாகத் தின்ற பெண்நாய் நன்றாகச் சினைபிடிக்கும், இரண்டே மாதத்தில் ஐந்தாறு குட்டி போடும். கருத்தடை செய்யாத நாய்க்கு வைக்கிற ஒவ்வொரு தட்டும் அடுத்த ஈற்றுக்கு வைக்கிற தட்டு. சென்னையில் 2024-ல் எடுத்த கணக்கெடுப்பின்படி சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள், அவற்றில் கருத்தடை ஆனவை 27 சதவீதம். கருத்தடைத் திட்டத்தை ப்ளூ கிராஸ் 1964-லேயே முன்வைத்து, 1996-ல் மாநகராட்சியும் ஏற்றுக்கொண்ட ஊரின் நிலை இது. மாநகராட்சி மருத்துவர்களால் மட்டும் இந்த இடைவெளியை அடைக்க முடியாது. எந்த நாய் எங்கே படுக்கிறது, எது சினையாக இருக்கிறது, எது புதிதாக வந்தது என்ற விவரம் சோறு வைக்கிறவர்களிடம்தான் இருக்கிறது. வைப்பதானால் தினமும் ஒரே நேரம், வாசலுக்குத் தள்ளிய ஒரே இடம், வெங்காயமும் உப்பும் எலும்பும் இல்லாத சோறு, ஒரு முட்டை, ஒரு குவளைத் தண்ணீர். கால்மணி கழித்துத் தட்டை எடுத்துவிடுங்கள். தின்னும்போது அதன் காதைப் பாருங்கள். அறுவை முடிந்த நாயின் காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். வெட்டு இல்லாவிட்டால், சென்னையில் அழைக்க வேண்டிய எண் 1913.